வரி சோதனையும் தேர்தல் நாள்காட்டியும்: சித்தூர், திருப்பதி முன்வைக்கும் கேள்விகள்

திருப்பதி: 2016 டிசம்பர் 21 அதிகாலையில் சென்னை அண்ணா நகரில் உள்ள ஒரு வீட்டுக்குள் வருமான வரித் துறை அதிகாரிகள் நுழைந்தனர். அது அப்போதைய தமிழ்நாடு தலைமைச் செயலாளர் பி.ராம மோகன ராவின் வீடு. சில மணி நேரத்தில் கோட்டையில் உள்ள அவரது அலுவலக அறையிலும் சோதனை தொடங்கியது. பதவியில் இருக்கும் தலைமைச் செயலாளர் ஒருவரின் அறைக்குள் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் காவலுடன் வரி அதிகாரிகள் சென்றதைத் தமிழ்நாடு அதற்கு முன் கண்டதில்லை. அன்று சோதனைக்குள்ளான இடங்களின் பட்டியலில் ஆந்திர மாநிலம் சித்தூரும் இருந்தது.

ஜெயலலிதா மறைந்து அப்போது பதினாறு நாள்களே ஆகியிருந்தன. மறுநாளே கிரிஜா வைத்தியநாதன் புதிய தலைமைச் செயலாளராக நியமிக்கப்பட்டார். ஒரு வாரத்துக்குள் செய்தியாளர்களைச் சந்தித்த ராம மோகன ராவ், சோதனை ஆணையில் இருந்தது தன் மகனின் பெயரே என்றும், மாநில அரசின் அனுமதியின்றித் துணை ராணுவப் படை கோட்டைக்குள் நுழைந்தது என்றும், முதலமைச்சர் உயிருடன் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்றும் கேட்டார். அவர் 2017 மார்ச் இறுதியில் வேறொரு பதவியில் மீண்டும் அமர்த்தப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் ஓய்வு பெற்றார். தேசியத் தலைப்புச் செய்தியாகத் தொடங்கிய விவகாரம் ஓர் ஓய்வு அறிவிப்புடன் பொதுமக்களின் பார்வையிலிருந்து விலகியது.

வரி ஏய்ப்பைத் தடுக்கச் சோதனை தேவை என்பதில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்போது, யாரிடம், எந்தக் காரணத்துக்காகச் சோதனை நடந்தது, அதன் முடிவு என்ன ஆனது என்பதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பத்தாண்டு அரசியலைப் பின்தொடர்ந்தால் அந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊரான நாராவாரிபள்ளி, அவர் தொடர்ந்து வெற்றி பெறும் குப்பம் தொகுதி, அமரராஜா தொழிற்சாலைகள், திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஆகியவை அனைத்தும் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. 1911 வரை இதன் பெரும்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. வேலூருக்கும் சித்தூருக்கும் இடையிலான தூரம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாது. ஆகவே இங்கு நடப்பது தமிழக அரசியலையும் தொடாமல் போவதில்லை.

தேவஸ்தான உறுப்பினரும் புதிய 2,000 ரூபாய் நோட்டுகளும்

ராம மோகன ராவ் வீட்டுச் சோதனைக்கு இரு வாரங்களுக்கு முன், 2016 டிசம்பர் 8 அன்று, ஒப்பந்ததாரர் ஜெ.சேகர் ரெட்டி தொடர்பான இடங்களில் வருமான வரித் துறை சோதனையைத் தொடங்கியிருந்தது. அவர் அப்போது திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுவின் உறுப்பினர். பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. சாமானியர்கள் இரண்டாயிரம் ரூபாய் எடுக்க வங்கி வாசலில் வரிசையில் நின்ற அந்த நாள்களில், கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள புதிய நோட்டுகள் கட்டுக்கட்டாகச் சிக்கியதாக வெளியான செய்தி நாட்டையே அதிரவைத்தது. வேலூரில் ஒரு காரிலிருந்தும் நோட்டுக் கட்டுகள் கைப்பற்றப்பட்டன. ஆந்திர அரசு அவரை அறங்காவலர் குழுவிலிருந்து நீக்கியது. டிசம்பர் 21 அன்று, அதாவது தலைமைச் செயலாளர் வீட்டில் சோதனை நடந்த அதே நாளில், சிபிஐ அவரைக் கைது செய்தது.

அடுத்து நடந்தவை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சிபிஐ பதிவு செய்த மூன்று வழக்குகளில் இரண்டை 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே குற்றச்சாட்டுக்குப் பல முதல் தகவல் அறிக்கைகள் எதற்கு என்பதே அங்கு எழுந்த கேள்வி. எஞ்சியிருந்த வழக்கில், சுமார் 34 கோடி ரூபாய் மதிப்புள்ள புதிய நோட்டுகள் எந்த வங்கிக் கிளையின் வழியாக வெளியேறின என்பதை விசாரணையால் தடம் பிடிக்க முடியவில்லை. போதிய சான்று இல்லை என்று கூறி சிபிஐ 2020-இல் அந்த வழக்கையும் முடித்துக்கொண்டது. இதற்கிடையில் 2019-இல், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆட்சியில், சேகர் ரெட்டி தேவஸ்தான அறங்காவலர் குழுவுக்குச் சிறப்பு அழைப்பாளராகத் திரும்பியிருந்தார்.

இந்த வழக்கை இரு விதமாகப் படிக்கலாம். குற்றம் எதுவும் இல்லை என்றால், ஒருவரைக் கைது செய்து, பதவியிலிருந்து நீக்கி, நாடு முழுவதும் குற்றவாளியாகக் காட்டியதற்கு யார் பொறுப்பு? குற்றம் இருந்தது என்றால், மக்கள் வரிசையில் நின்ற வாரங்களில் அவ்வளவு புதிய நோட்டுகளை வெளியே கொடுத்த வங்கி அதிகாரிகள் யார்? எந்த விதத்தில் படித்தாலும் அரசு ஒரு பதிலைக் கடன்பட்டிருக்கிறது. முதல் கேள்வியைச் சேகர் ரெட்டியின் ஆதரவாளர்கள் எழுப்பினர், இரண்டாவதை அவரது எதிர்ப்பாளர்கள் எழுப்பினர். இரு தரப்புக்கும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

2018: கூட்டணி முறிந்த பிறகு

2018 மார்ச்சில், சிறப்பு அந்தஸ்து விவகாரத்தில் தெலுங்கு தேசம் கட்சி பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணியிலிருந்து வெளியேறியது. அதே ஆண்டு ஜூலை 20 அன்று மக்களவையில் மோடி அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தைத் தொடங்கிவைத்தவர் குண்டூர் எம்.பி. கல்லா ஜெயதேவ். சித்தூர் மாவட்டம் பேட்டமிட்டாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் அவருடையது. தந்தை ராமச்சந்திர நாயுடு 1985-இல் தொடங்கிய அமரராஜா நிறுவனம் திருப்பதி அருகே கரகம்பாடியில் வளர்ந்து நாட்டின் முன்னணி பேட்டரி உற்பத்தியாளர்களில் ஒன்றானது. தாய் கல்லா அருணகுமாரி சந்திரகிரி எம்.எல்.ஏ.வாகவும் மாநில அமைச்சராகவும் இருந்தவர்.

கூட்டணி முறிந்த அந்த ஆண்டு அக்டோபரில் தெலுங்கு தேசத்துடன் தொடர்புடைய பலரின் இடங்களில் வருமான வரிச் சோதனைகள் நடந்தன. மாநிலங்களவை உறுப்பினர் சி.எம்.ரமேஷ் தொடர்பான ஐதராபாத், கடப்பா இடங்களும் அவற்றில் இருந்தன. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு உறுப்பினர் என்ற முறையில் ஆந்திரச் சோதனைகள் குறித்த விவரங்களைத் தான் கேட்டதற்குப் பிறகே தன் மீது சோதனை வந்தது என்று அவர் குற்றம்சாட்டினார். வரித் துறை அதிகாரிகளுக்கு மாநிலக் காவல்துறையின் பாதுகாப்பை மறுக்கும் அளவுக்கு நாயுடு அரசு அப்போது சென்றது. நவம்பரில் சிபிஐக்கு வழங்கப்பட்ட பொது ஒப்புதலையும் திரும்பப் பெற்றது. இதுவும் ஒரு வகையில் அதே நோயின் மறுபக்கம்தான். தன் கட்சிக்காரர்கள் சோதனைக்கு ஆளாகிறார்கள் என்பதற்காகச் சட்டப்படி வரும் அதிகாரிகளுக்குக் காவல் தர மறுப்பதும் பாரபட்சமே.

2019 ஜூன் மாதம் சி.எம்.ரமேஷ், ஒய்.எஸ்.சௌத்ரி உள்ளிட்ட நான்கு தெலுங்கு தேச மாநிலங்களவை உறுப்பினர்கள் பாஜகவில் இணைந்தனர். 2024-இல் ரமேஷ் அனகாபள்ளி தொகுதியில் பாஜக சார்பில் வென்றார். கட்சி மாறியதால்தான் வழக்கு நின்றது என்று எவர் மீதும் சான்றின்றிச் சொல்ல முடியாது. ஆனால், 2014-க்குப் பிறகு ஊழல் புகார்களை எதிர்கொண்டு பாஜக பக்கம் சென்ற 25 எதிர்க்கட்சித் தலைவர்களில் 23 பேருக்கு நிவாரணம் கிடைத்தது என்று 2024-இல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளேடு வெளியிட்ட ஆய்வு, அந்தச் சந்தேகம் ஏன் அடங்க மறுக்கிறது என்பதைக் காட்டுகிறது. அமலாக்கத் துறை வழக்குகளில் அரசியல்வாதிகள் தொடர்பானவை சுமார் 3 சதவீதமே என்பது ஆளும் தரப்பின் பதில். அந்த 3 சதவீதத்துக்குள் எந்தக் கட்சியினர் எத்தனை பேர், எந்தத் தேதியில் என்பதே எதிர்த்தரப்பின் கேள்வி. இரண்டு வாதங்களும் ஒன்றையொன்று தொடாமலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

வாக்குப்பதிவுக்கு இரு நாள் முன்

2019 மக்களவைத் தேர்தலில் ஆந்திராவுக்கு வாக்குப்பதிவு நாள் ஏப்ரல் 11. அதற்கு ஓரிரு நாள்கள் முன்பு குண்டூரில் கல்லா ஜெயதேவுக்கு நெருக்கமானவரின் இடத்தில் வருமான வரித் துறையினர் நுழைந்தனர். வேட்பாளரான ஜெயதேவ் கட்சியினருடன் சாலையில் அமர்ந்து மறியல் செய்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன் முதலமைச்சர் நாயுடுவே விஜயவாடாவில் தர்ணா நடத்தியிருந்தார்.

அதே வாரங்களில் எல்லைக்கு இந்தப் பக்கத்திலும் இதே காட்சி. காட்பாடியில் திமுக பொருளாளராக இருந்த துரைமுருகனின் வீடு, அவரது மகனும் வேலூர் வேட்பாளருமான கதிர் ஆனந்துக்குத் தொடர்புடைய இடங்கள் சோதனைக்குள்ளாயின. ஒரு சிமென்ட் கிடங்கிலிருந்து 11.48 கோடி ரூபாய் கைப்பற்றப்பட்டதாக வருமான வரித் துறை அறிவித்தது. ஏப்ரல் 16 அன்று வேலூர்த் தேர்தல் ரத்து செய்யப்பட்டது. அதே நாள் இரவு தூத்துக்குடியில் கனிமொழி தங்கியிருந்த வீட்டில் நடந்த சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் வேலூரில் மீண்டும் தேர்தல் நடந்தபோது கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

வேலூரில் பணம் கிடைத்தது, தூத்துக்குடியில் கிடைக்கவில்லை. இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தேர்தல் நேரத்தில் பணப் பதுக்கலைத் தேடுவது வரித் துறையின் கடமைதான். கிடைத்தால் சோதனை சரி, கிடைக்காவிட்டால் பழிவாங்கல் என்று முடிவை வைத்து நோக்கத்தை அளக்கவும் முடியாது. சோதனைக்கு முன் அதிகாரியின் கையில் இருந்த தகவல் என்ன என்பதே சரியான அளவுகோல். அந்தத் தகவலை யாரும் பார்க்க முடியாது என்பதே இன்றைய நிலை.

தேர்தல் ஆணையமும் இதை உணராமல் இல்லை. 2019 ஏப்ரல் 7 அன்று மத்திய வருவாய்த் துறைக்கு அனுப்பிய கடிதத்தில், தேர்தல் காலத்தில் அமலாக்க அமைப்புகளின் நடவடிக்கை நடுநிலையாகவும் பாரபட்சமின்றியும் இருக்க வேண்டும் என்றும், தலைமைத் தேர்தல் அதிகாரிக்குத் தகவல் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் ஆணையம் கேட்டுக்கொண்டது. அது ஓர் அறிவுரை மட்டுமே. மீறினால் என்ன என்று அதில் இல்லை. குண்டூர், தூத்துக்குடிச் சோதனைகள் அந்தக் கடிதத்துக்குப் பிறகு நடந்தவை.

2,000 கோடியும் 2.63 லட்சமும்

சோதனையின் தாக்கம் பெரும்பாலும் அதில் கிடைத்த பொருளால் அல்ல, அதைப் பற்றி வெளியாகும் அறிக்கையால் உண்டாகிறது. இதற்கு 2020 பிப்ரவரியில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. நாயுடு அப்போது ஆட்சியை இழந்து எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். ஐதராபாத், விஜயவாடா, கடப்பா, விசாகப்பட்டினம், டெல்லி, புணே ஆகிய நகரங்களில் சுமார் 40 இடங்களில் சோதனை நடந்தது. அவருடைய முன்னாள் தனிச் செயலரின் வீடும் அதில் ஒன்று. பிப்ரவரி 13 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட செய்திக்குறிப்பு, உள்கட்டமைப்பு நிறுவனங்கள் போலி ஒப்பந்தங்கள், போலி ரசீதுகள் வழியாக 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் திசைதிருப்பியதாக மதிப்பிட்டது. கைப்பற்றப்பட்ட ரொக்கம் 85 லட்சம் ரூபாய், நகைகள் 71 லட்சம் ரூபாய் மதிப்புடையவை என்றும் அதே குறிப்பு கூறியது.

மறுநாள் முதல் ஆந்திர அரசியலில் பேசப்பட்டது 2,000 கோடி என்ற ஒரே எண். அது முன்னாள் செயலரின் வீட்டிலிருந்தே கிடைத்தது போல ஆளும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தரப்பு பேசியது. பின்னர் வெளிவந்த சோதனை மகஜர், அந்த வீட்டில் இருந்த ரொக்கம் 2.63 லட்சம் ரூபாய் எனக் காட்டியது. வாரியத்தின் அறிக்கை பொய் அல்ல. பல நிறுவனங்களின் கணக்குகளைச் சேர்த்து ஒரு மதிப்பீட்டை அது சொன்னது. ஆனால் மதிப்பீட்டு ஆணை எதுவும் பிறப்பிக்கப்படாத, சம்பந்தப்பட்டவர்கள் விளக்கம் அளிக்காத கட்டத்தில், பெயர் சொல்லாமல் ஆனால் யாரென்று ஊருக்கே புரியும்படி அடையாளம் காட்டி ஓர் எண்ணை வெளியிடுவது அரசியலில் என்ன செய்யும் என்பது வாரியத்துக்குத் தெரியாததா?

வருமான வரிச் சட்டம் வரி செலுத்துவோரின் விவரங்களுக்கு ரகசியப் பாதுகாப்பு அளிக்கிறது. அதை மீறும் அரசு ஊழியருக்குத் தண்டனையும் உண்டு, ஆனால் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அவர் மீது வழக்குத் தொடர முடியாது. 2023 ஆகஸ்டில் நாயுடுவுக்கு 118 கோடி ரூபாய் தொடர்பாக அனுப்பப்பட்ட விளக்கம் கோரும் நோட்டீஸ் சில வாரங்களிலேயே பத்திரிகையில் வந்தது. அடுத்த சில நாள்களில், செப்டம்பர் 9 அன்று, திறன் மேம்பாட்டுக் கழக வழக்கில் மாநில சிஐடி அவரைக் கைது செய்தது. வரி நோட்டீஸும் கைதும் தனித்தனி அமைப்புகளின் தனித்தனி நடவடிக்கைகள். ஆனால் நோட்டீஸ் வெளியான நேரம் கைதுக்கு மேடை அமைத்துக் கொடுத்தது.

தொழிற்சாலை வாசலில்

இந்த அரசியலின் விலையைச் சித்தூர் மாவட்டத்தில் அதிகம் உணர்ந்தவர்கள் தலைவர்கள் அல்லர், தொழிலாளர்கள். 2021 ஏப்ரல் 30 அன்று ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கரகம்பாடியிலும் சித்தூர் அருகே நூனெகுண்ட்லபள்ளியிலும் உள்ள அமரராஜா ஆலைகளை மூட உத்தரவிட்டது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு அந்த ஆலைகளைச் சார்ந்தது. சில நாள்களில் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

இது வரி விவகாரம் அல்ல, சுற்றுச்சூழல் விவகாரம். ஈயம் கையாளும் ஆலை என்பதால் மண்ணிலும் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஈயத்தின் அளவு குறித்த கவலை கற்பனையானதும் அல்ல. ஆலையைக் கண்காணிக்க வேண்டிய வாரியம் அதைத் தொடர்ந்து செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எதிர்க்கட்சி எம்.பி.யின் குடும்ப நிறுவனம் என்ற உண்மை, நியாயமான கண்காணிப்பின் மீதும் சந்தேக நிழலைப் படியவைத்தது. ஈயத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆலைக்குள் வேலை செய்பவரின் உடல்நலம் குறித்த கேள்வி அந்தச் சத்தத்தில் கேட்காமல் போனது. பாரபட்சம் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஒழுங்குமுறை அமைப்பு தன் உண்மையான பணியையும் செய்ய முடியாமல் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்த வட்டாரத்தில் இல்லை.

2022 டிசம்பரில் அமரராஜா நிறுவனம், பத்தாண்டுகளில் 9,500 கோடி ரூபாய் முதலீட்டில் லித்தியம் பேட்டரித் திட்டத்துக்குத் தெலங்கானா அரசுடன் ஒப்பந்தம் செய்தது. இடம் மகபூப்நகர். சித்தூர் மண்ணில் பிறந்த நிறுவனத்தின் மிகப் பெரிய முதலீடு வேறு மாநிலத்துக்குப் போனது. 2024 ஜனவரி 28 அன்று கல்லா ஜெயதேவ் தீவிர அரசியலிலிருந்து விலகுவதாகக் குண்டூரில் அறிவித்தார். அரசியலில் குரல் எழுப்பினால் தொழில் இலக்காகிறது, குரல் எழுப்பாமல் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கவும் இயலவில்லை என்ற பொருளில் அவர் பேசினார். நாட்டின் மிகப் பெரும் செல்வந்த எம்.பி.க்களில் ஒருவருக்கே இந்த நிலை என்றால், திருப்பதியில் நான்கு கார் வைத்து டிராவல்ஸ் நடத்துபவர் எந்தக் கட்சி மேடையில் ஏறத் துணிவார்?

அந்தச் சிறு தொழில்முனைவோருக்கான அச்சம் ஜிஎஸ்டி சட்டத்தின் வழியாக வருகிறது. விசாரணை நடக்கும்போதே வங்கிக் கணக்கை முடக்கும் அதிகாரம் அதில் உண்டு. அது கடுமையான அதிகாரம், அரசின் வருவாயைக் காக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2021-இல் ராதா கிருஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 பிப்ரவரி 27 அன்று ராதிகா அகர்வால் வழக்கில், கைதுக்கான குற்றவியல் நடைமுறைப் பாதுகாப்புகள் ஜிஎஸ்டி, சுங்க அதிகாரிகளின் கைதுக்கும் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. மிரட்டி வரி கட்டவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் சொன்னது. மாங்கூழ் ஆலை நடத்தும் சித்தூர் வியாபாரி அமராவதியில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்காடும் செலவு, அதிகாரி கேட்கும் தொகையைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே அந்தத் தீர்ப்பு அவருக்குப் பயன்படும்.

காரணம் சொல்லத் தேவையில்லை

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 132-ஆவது பிரிவுதான் இத்தனை சோதனைகளுக்கும் அடிப்படை. கணக்கில் வராத வருமானம் இருக்கிறது என்று 'நம்புவதற்குக் காரணம்' அதிகாரியிடம் இருக்க வேண்டும், அதை அவர் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். சேகர் ரெட்டி, ராம மோகன ராவ் சோதனைகள் நடந்த சில மாதங்களில், 2017 நிதிச் சட்டத்தின் வழியாக இந்தப் பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. அந்தக் காரணத்தை எந்த நபருக்கும், எந்த அதிகார அமைப்புக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் வெளியிட வேண்டியதில்லை என்பதே அது. 1962 ஏப்ரல் 1 முதலே அமலில் இருந்ததாகக் கருத வேண்டும் என முன்தேதியும் இடப்பட்டது. தகவல் தருபவர்களின் அடையாளத்தைக் காப்பதே நோக்கம் என்று அரசு விளக்கியது. அந்த நோக்கம் நியாயமானதே. அதற்குப் பெயரை மறைத்தால் போதும். காரணம் முழுவதையும் தீர்ப்பாயத்திடமிருந்தே மறைக்க வேண்டுமா என்பதற்கு அந்த விளக்கம் பதில் தரவில்லை.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தால் காரணங்களை நீதிபதிகள் பார்க்க முடியும். ஆனால் அந்தக் காரணங்கள் போதுமானவையா என்று நீதிமன்றம் எடைபோடாது என 2022 ஜூலையில் லால்ஜிபாய் மண்டாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது. சோதனையே சட்டவிரோதமாக நடந்திருந்தாலும் கைப்பற்றிய ஆவணங்களைச் சான்றாகப் பயன்படுத்தலாம் என்பது 1974-ஆம் ஆண்டின் பூரண்மல் வழக்கிலிருந்தே நிலைபெற்ற சட்டம். ஆக, தவறான சோதனை நடத்திய அதிகாரிக்கு நீதிமன்றத்தில் இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு, காரணமின்றித் தொல்லை கொடுக்கும் வகையில் சோதனை நடத்தும் அதிகாரிக்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது. சுங்கச் சட்டத்திலும் இதற்கு ஒத்த பிரிவு உண்டு. வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. மாறாக, நல்லெண்ணத்தில் செய்த எதற்காகவும் அரசு மீதோ அதிகாரி மீதோ உரிமையியல் வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. வரி செலுத்துவோர் முறையிட இருந்த குறைதீர்ப்பாளர் பதவியை 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒழித்தது. வருமான வரி புலனாய்வு இயக்குநரகம் தகவல் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருப்பதால் அந்த வழியும் பெருமளவு அடைபட்டதே.

சோதனைகள் வரியாக மாறுகின்றனவா என்பதையாவது பார்க்கலாம். 2020-இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, சோதனைக்குப் பின் அதிகாரிகள் சேர்க்கும் வருமானத்தின் பெரும்பகுதி மேல்முறையீட்டில் நிற்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. அமலாக்கத் துறையைப் பொறுத்தவரை, 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்த பதிலின்படி, பத்தாண்டுகளில் அரசியல்வாதிகள் மீது பதிவான 193 வழக்குகளில் தண்டனை கிடைத்தவை இரண்டு.

அமெரிக்காவின் ஒரு பிரிவு

2013 மே மாதம் அமெரிக்க வரித் துறை இதே குற்றச்சாட்டில் சிக்கியது. ஒபாமா ஆட்சிக்கு எதிரான 'டீ பார்ட்டி' போன்ற பெயர்களைக் கொண்ட அமைப்புகளின் வரிவிலக்கு விண்ணப்பங்களைத் தனியே எடுத்துத் தாமதப்படுத்தியதாக அந்தத் துறைக்கான தலைமை ஆய்வாளரே அறிக்கை அளித்தார். துறையின் தற்காலிகத் தலைவர் பதவி விலகினார். பாதிக்கப்பட்ட அமைப்புகளிடம் 2017-இல் அரசு மன்னிப்புக் கேட்டு வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டது. பின்னர் வந்த மற்றோர் ஆய்வு, இடதுசாரி அமைப்புகளும் அப்படித் தனியே எடுக்கப்பட்டன என்று காட்டியது. அதாவது முதல் குற்றச்சாட்டே முழுமையானது அல்ல. அதை மக்கள் அறிய முடிந்ததும் துறைக்கு வெளியே நின்று துறையின் கோப்புகளைத் திறந்து பார்க்கும் அதிகாரம் கொண்ட ஓர் ஆய்வாளர் இருந்ததால்தான்.

அந்நாட்டின் வரிச் சட்டத்தில் 1998 முதல் 7217 என்ற பிரிவு ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட ஒருவர் மீது தணிக்கை தொடங்கும்படியோ நிறுத்தும்படியோ அதிபர், துணை அதிபர், அவர்களது அலுவலக ஊழியர்கள் எவரும் வரித் துறையிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கேட்கக் கூடாது. கேட்டால் ஐந்தாண்டு வரை சிறை. அத்தகைய வேண்டுகோள் வந்தால் அதைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை வரித் துறை ஊழியருக்கும் உண்டு. அரசியல் தலையீடு நடந்ததா என்று நிரூபிப்பது எங்கும் கடினமே. ஆனால் இந்தியச் சட்டத்தில் அப்படிக் கேட்பதே குற்றம் என்று சொல்லும் தனிப் பிரிவு எதுவும் இல்லை.

2023-இல் 14 எதிர்க்கட்சிகள் மத்திய அமைப்புகள் தவறாகப் பயன்படுத்தப்படுவதாகக் கூறி உச்ச நீதிமன்றத்தை அணுகின. அரசியல்வாதிகளுக்கென்று தனி விதிமுறை வகுக்க முடியாது என்று கூறிய நீதிமன்றம், ஏப்ரல் 5 அன்று மனுவைத் திரும்பப் பெற அனுமதித்தது. அந்த மனுவில் தெலுங்கு தேசமும் இல்லை, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் இல்லை. ஆந்திராவின் இரு பெரும் கட்சிகளும் அப்போது டெல்லியுடன் நல்லுறவை நாடிக்கொண்டிருந்தன.

இருக்கை மாறிய பிறகு

2024 ஜூனில் நாயுடு பாஜக, ஜனசேனா கூட்டணியுடன் மீண்டும் முதலமைச்சரானார். 2025-இல் முந்தைய ஆட்சியின் மதுபானக் கொள்கை குறித்து மாநிலச் சிறப்புப் புலனாய்வுக் குழு நடத்திய விசாரணையில், சந்திரகிரி முன்னாள் எம்.எல்.ஏ. செவிரெட்டி பாஸ்கர் ரெட்டி ஜூனிலும், சித்தூர் வட்டாரத்தின் செல்வாக்கு மிக்க பெத்திரெட்டி குடும்பத்தைச் சேர்ந்த ராஜம்பேட்டை எம்.பி. மிதுன் ரெட்டி ஜூலையிலும் கைது செய்யப்பட்டனர். பழிவாங்கல் என்று ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கூறியது. சட்டம் தன் கடமையைச் செய்கிறது என்று தெலுங்கு தேசம் கூறியது. 2018-இலும் 2023-இலும் சொல்லப்பட்ட அதே வாக்கியங்கள்தான் இவை, சொல்பவர்கள் மட்டும் இடம் மாறியிருந்தனர். மிதுன் ரெட்டிக்குச் செப்டம்பர் இறுதியில் பிணை கிடைத்தது. குற்றச்சாட்டு உண்மையா என்பதை விசாரணை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். எதிர்க்கட்சியில் இருந்தபோது சோதனைகளை எதிர்த்து விஜயவாடா தெருவில் அமர்ந்த தலைவரின் கட்சிக்கு இன்று மத்திய அரசின் நிலைத்தன்மையையே தாங்கும் எண்ணிக்கை நாடாளுமன்றத்தில் இருக்கிறது. சோதனைக்கான காரணத்தை ஒரு சுயேச்சையான அமைப்பாவது பார்க்க வேண்டும் என்ற திருத்தத்தை அது கேட்டதாக இல்லை.

கேட்பதற்கு வாய்ப்பும் வந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய வருமான வரிச் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. பழைய 132-ஆவது பிரிவின் இடத்தில் 247-ஆவது பிரிவு வந்திருக்கிறது. மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, இணையச் சேமிப்பகம் ஆகியவற்றையும் கடவுச்சொல்லை மீறித் திறந்து பார்க்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. சோதனைக்கான காரணத்தை வெளியிட வேண்டியதில்லை என்ற விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது.